தந்தியும் தண்டியும்

இசைக்கருவி ஒன்றைக் காண்பவர் அதன் மரத்தைக் காண்கிறார். உலோகப் பூண்களைக் காண்கிறார். இழுத்துக் கட்டிய தந்திகளைக் காண்கிறார். தந்திக்கும் தண்டிக்கும் நடுவே கிடக்கும் மெல்லிய வெற்றிடத்தைக் காண்பவர் மிகச் சிலரே. ஆயினும், இசை பயிலத் தொடங்கும் ஒருவர் அக்கருவியோடு பல்லாண்டு வாழ்வாரா, மூன்று திங்களில் அதனை மூலையில் சாத்திவிடுவாரா என்பதைத் தீர்மானிப்பதில் அந்த வெற்றிடத்துக்குப் பெரும்பங்கு உண்டு. அது மிகுந்தால் விரல் நோகும். குறைந்தால் நாதம் மடியும். அமெரிக்க நாட்டுப்புற மக்களின் கருவியாகிய பாஞ்சோவில் அந்த வெற்றிடத்தின் அளவு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். ஒரு நெற்கதிரின் மணியைப் படுக்கவைத்தால் அதனை நிரப்பிவிடலாம். அவ்வளவு சிறிய இடத்துக்குள் ஒரு கருவியின் வாழ்வும், அதனைக் கையில் ஏந்தியவரின் ஆர்வமும் அடங்கிக் கிடக்கின்றன.

தமிழர் வாழும் ஊர்களில் பாஞ்சோ என்னும் பெயர் வேறொரு கருவிக்கும் வழங்குவதுண்டு. தட்டச்சுப் பொறியின் விசைகளைப் போன்ற பொத்தான்களை ஒரு கையால் அழுத்தி, மறு கையால் தந்திகளை மீட்டும் புல்புல்தாராவே அது. இந்தியப் பாஞ்சோ எனப்படும் அக்கருவி, ஜப்பானின் தைஷோகோத்தோ என்னும் கருவியின் வழிவந்தது. அமெரிக்கப் பாஞ்சோ அதனின்றும் முற்றிலும் வேறானது. பறையும் வீணையும் மணம் புரிந்து பெற்ற பிள்ளை என்று அதனைச் சொன்னால் பொருந்தும். வட்டமான மர வளையத்தின்மேல் பறையைப் போலத் தோல் போர்த்தப்பட்டிருக்கும். அவ்வளையத்தினின்றும் நீண்ட தண்டி ஒன்று புறப்படும். தண்டியின்மேல் மெட்டுகள் பதிக்கப்பட்டிருக்கும். தோலின்மேல் மரத்தாலான சிறு குதிரை நிற்கும். தந்திகள் தலைப்பக்கத்து முறுக்காணிகளிலிருந்து வந்து, குதிரையின் முதுகேறி இறங்கி, வீணையில் நாகபாசம் செய்யும் பணியைச் செய்கின்ற ஓர் உலோகப் பிடியில் முடியும். ஐந்து தந்திகளுள் நான்கு முழு நீளமானவை. ஐந்தாவது மட்டும் குட்டையானது. தண்டியின் பக்கவாட்டில், ஐந்தாம் மெட்டின் அருகே தனி முறுக்காணி கொண்டது.

பழந்தமிழ் பயின்றவர்க்கு இவ்வமைப்பு புதுமையாகத் தோன்றாது. பாணரும் பொருநரும் ஏந்தித் திரிந்த யாழின் பத்தரும் தோல் போர்த்தப்பட்டதே. பொருநராற்றுப்படையில் யாழின் உறுப்புகள் ஒவ்வொன்றாக வருணிக்கப்படும்போது அத்தோற்போர்வையும் இடம் பெறுகிறது. நரம்பின் துடிப்பைத் தோலில் இறக்கிப் பெருக்கும் இந்நுட்பம் உலகின் பல மூலைகளில் தனித்தனியே பிறந்து வளர்ந்திருக்கிறது. பாஞ்சோவின் மூலம் மேற்கு ஆப்பிரிக்கா. செனகல், காம்பியா நாடுகளில் வாழும் ஜோலா மக்கள் மீட்டும் அக்கோண்டிங் என்னும் கருவி சுரைக்குடுக்கையில் தோல் போர்த்தியது. மூன்று தந்திகளுள் ஒன்று குட்டையானது. அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்ட மக்கள் கருவிகளைச் சுமந்து வந்தார்களோ இல்லையோ, அவற்றைச் செய்யும் அறிவைச் சுமந்து வந்தார்கள். 1687 முதல் 1689 வரை ஜமைக்காவில் தங்கியிருந்த மருத்துவர் ஹான்ஸ் ஸ்லோன், 1707இல் வெளியிட்ட தம் நூலில் அம்மக்கள் மீட்டிய கருவிகளின் படத்தைப் பதிந்து வைத்தார். தென் கரோலினாவில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தீட்டப்பட்ட நீர்வண்ண ஓவியம் ஒன்றில், அடிமை ஒருவர் அத்தகைய கருவியை மீட்டிக்கொண்டு அமர்ந்திருக்கிறார். அதிலும் ஒரு தந்தி குட்டையானதே.

பின்னர் அக்கருவி வெள்ளையர் கைக்குச் சென்றது. வர்ஜீனியாவைச் சேர்ந்த ஜோயல் வாக்கர் ஸ்வீனி 1830களிலும் 1840களிலும் அதனை மேடைதோறும் கொண்டு சென்றார். முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பின மக்களை எள்ளி நகையாடிய கூத்துகளில் அம்மக்களின் கருவியே ஒலித்தது என்பது வரலாற்றின் வேதனை. அதே காலத்தில் கருவியின் உடலும் மாறியது. சுரைக்குடுக்கை போய் மர வளையம் வந்தது. பால்டிமோர் நகரில் பறைகள் செய்துவந்த வில்லியம் பௌச்சர் போன்றவர்கள், தோலை ஆணியால் அறைவதை விடுத்து, உலோகக் கொக்கிகளாலும் மரைகளாலும் இழுத்துக் கட்டும் முறையைப் பாஞ்சோவில் கையாண்டார்கள். அன்றுமுதல் பாஞ்சோ வைத்திருப்பவர் ஒவ்வொருவரும் ஒரு சிறு தொழிலாளராகவும் ஆனார். மரையைத் திருகும் சாவி ஒன்று கையில் இருந்தால், தோலைத் தாமே இறுக்கலாம், தளர்த்தலாம், கழற்றி மாற்றலாம்.

வீணை வாசிப்போர் மெழுகில் பதித்த மெட்டுகள் நிலை பெயர்ந்தால் மேளம் கட்டும் கைவினைஞரை நாடிச் செல்வர். அது தேர்ந்த செவியும் பழகிய கையும் வேண்டும் பணி. பாஞ்சோவோ மலைநாட்டுக் குடிசைகளில் வளர்ந்த கருவி. பழுது பார்ப்பவர் பல கல் தொலைவில் இருப்பார். பனிக்காலத்தில் வழியும் அடைந்துவிடும். ஆகவே குடும்பத்தில் ஒருவர் அதனைச் சரிசெய்யக் கற்றுக்கொள்வதே வழக்கமாயிற்று. 1948இல் பீட் சீகர் ஐந்து தந்திப் பாஞ்சோவைப் பயில்வதற்கு ஒரு சிறு கையேட்டைத் தாமே படியெடுத்து வெளியிட்டார். ஆசிரியர் அருகில் இல்லாத இடத்திலும் இக்கருவியைக் கற்கலாம் என்னும் நம்பிக்கையே அதன் அடிப்படை. கற்பதும் பழுது பார்ப்பதும் வீட்டுக்குள்ளேயே நிகழ்கின்ற மரபு இது.

அம்மரபின் இயல்பை அறிய, அப்பலாச்சிய மலைத்தொடரின் அடிவாரத்தில் வாழும் ஓர் இளைஞனை எண்ணிப் பார்க்கலாம். பாட்டனார் மறைந்து சில ஆண்டுகளுக்குப் பின், அவர் வாசித்த பழைய பாஞ்சோ அவன் கைக்கு வருகிறது. கன்றின் தோல் போர்த்திய கருவி அது. குளிர்காலத்து மாலையில், கணப்பு எரியும் கூடத்தில் அமர்ந்து அதனைச் சுருதி கூட்டுகிறான். ஒலி நன்றாகவே இருக்கிறது. ஆனால் தந்தியை மெட்டின்மேல் அழுத்தும்போது விரல்கள் எரிகின்றன. தண்டியின் மேற்பகுதிக்குக் கை செல்லச் செல்லத் தந்தி எட்டாத உயரத்தில் நிற்பதுபோல் தோன்றுகிறது. பத்து நாள் பயிற்சியில் விரல் நுனிகள் தடித்துப்போகின்றன. பாட்டு மட்டும் படியவில்லை. தன் விரலுக்கு இசை வராது என்னும் முடிவுக்கு அவன் மெல்ல வருகிறான். இத்தகைய முடிவுக்கு வந்தவர்களின் கருவிகள் எத்தனையோ வீடுகளின் பரண்களில் கிடக்கின்றன!

பன்னிரண்டாம் மெட்டு தந்தியின் நீளத்தைச் சரிபாதியாகப் பகுக்கும் இடம். அங்கே தந்தியின் அடிக்கும் மெட்டின் முடிக்கும் உள்ள இடைவெளியை அளந்து பார்ப்பதே வழக்கம். இளைஞன் அளவுகோலை வைத்துப் பார்க்கிறான். 4.5 மில்லிமீட்டர் காட்டுகிறது. விரலின் மீது பழியில்லை என்பது அந்த எண்ணிலேயே தெரிந்துவிடுகிறது. தந்தி மிக உயர்ந்திருந்தால் நோவு மட்டுமன்றிச் சுருதிப் பிழையும் நேரும். நெடுந்தூரம் கீழே இழுக்கப்படும் தந்தி கூடுதலாக விறைத்து, உரிய சுரத்துக்குச் சற்று மேலே ஒலிக்கும். செவி நுட்பம் உள்ள மாணவன் தான் தவறு செய்வதாகவே எண்ணிக் கலங்குவான்.

அதற்காகத் தந்தியைத் தண்டியோடு தண்டியாகப் படியவைத்தால் என்ன? அதுவும் ஆகாது. துடிக்கின்ற தந்திக்கு அசைவதற்கு இடம் வேண்டும். இடமில்லையேல் அது அடுத்த மெட்டுகளில் மோதி இரையும். ஓங்கி மீட்டும் இடத்தில் ஒலி நசுங்கும். நகத்தின் புறத்தால் தந்தியை மேலிருந்து தட்டி வாசிக்கும் பழைய மலைநாட்டு முறையினர் சற்று உயர்ந்த தந்தியையே விரும்புவர். 1945இல் பில் மன்ரோவின் குழுவில் சேர்ந்து புகழ் பெற்ற ஏர்ல் ஸ்க்ரக்ஸ் வழியில், மூன்று விரல்களால் விரைந்து மீட்டுவோர்க்கு 3 மில்லிமீட்டரை ஒட்டிய அளவு பெரும்பாலும் ஏற்றதாகிறது. எனவே எல்லார்க்கும் பொதுவான ஒரே அளவு என்பது இல்லை. கையும், பாணியும், கருவியும் சேர்ந்து முடிவு செய்வதே உரிய உயரம்.

உயரத்தைக் குறைக்க எளிதாகத் தோன்றும் வழி ஒன்று உண்டு. தந்தியைத் தாங்குவது குதிரை. ஆகவே குதிரையின் காலைத் தேய்த்துவிட்டால் தந்தி இறங்கிவிடும். உப்புத்தாள் எல்லாக் கடைகளிலும் கிடைக்கிறது. அரைமணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். இளைஞனும் உப்புத்தாளை எடுத்துவிட்டான். ஆனால் தேய்ந்த மரம் மீண்டும் வளர்வதில்லை. தந்தி ஏன் உயர்ந்தது என்று அறியாமல் அதனைத் தாழ்த்த முயல்வது, காய்ச்சலின் காரணம் அறியாமல் உடம்பின் மேல் தண்ணீர் ஊற்றுவது போன்றது. மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் மருத்துவனுக்கு வகுத்த ஒழுங்கு, நோயையும் அதன் மூலத்தையும் கண்டபின் தணிக்கும் வழியை நாடுவது. கருவி பார்ப்பவனுக்கும் அதுவே ஒழுங்கு. திரும்பப் பெறக்கூடிய செயல்களை முன்னும், திரும்பப் பெற முடியாத செயல்களைப் பின்னும் வைப்பவனே நல்ல தொழிலாளி.

ஆராய வேண்டிய இடங்கள் சிலவே. முதலாவது தண்டி. முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் ஒரே தந்தியை அழுத்திப் பிடித்தால், அத்தந்தியே நேர்கோடாகிவிடுகிறது. நடு மெட்டுகளுக்கும் அதற்கும் இடையே ஓர் அட்டையின் தடிப்பளவு இடைவெளி இருப்பது நலம். அதனினும் மிகுதியாக இருந்தால் தண்டி தந்திகளின் இழுப்பால் வில்லைப்போல் வளைந்திருக்கிறது என்பது பொருள். பிற்காலக் கருவிகள் பலவற்றில் தண்டிக்குள் எஃகுக் கம்பி ஒன்று புதைக்கப்பட்டிருக்கும். அதன் மரையைத் திருகி வளைவை நிமிர்த்தலாம். அதனையும் ஒரு முறைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பலாகாது. மரம் மெல்லவே இசைந்து கொடுக்கும். பாட்டனாரின் பழைய கருவியில் அக்கம்பி இல்லை. நல்வாய்ப்பாகத் தண்டியில் மிகையான வளைவும் இல்லை.

இரண்டாவது, தண்டி வளையத்தோடு சேரும் இடம். தந்திகள் ஓயாது முன்னோக்கி இழுப்பதால், ஆண்டுகள் செல்லச் செல்ல அம்மூட்டு தளர்வதுண்டு. இளைஞன் கருவியைக் கவிழ்த்துப் பார்க்கிறான். தண்டியின் அடிப்புறம் வளையத்தோடு ஒட்டவில்லை. ஒரு தாள் நுழையும் அளவுக்கு விலகியிருக்கிறது. அவ்விலகல் தாளளவுதான் என்றாலும், நீண்ட தண்டியில் அது பெருகிப் பன்னிரண்டாம் மெட்டில் தெளிவாகத் தெரிகிறது. தந்திகளைச் சற்றுத் தளர்த்தி, உள்ளிருக்கும் பிணைப்பை மெல்ல இறுக்குகிறான். மூட்டு பொருந்துகிறது. மீண்டும் சுருதி கூட்டி அளந்தபோது 4 மில்லிமீட்டர். பழைய மரத்தில் ஒரு துளியும் வெட்டாமல் அரை மில்லிமீட்டர் இறங்கிவிட்டது.

மூன்றாவது தோல். இதுவே பாஞ்சோவின் உயிர். அதன் பிடிவாதமும் இதுவே. மழைக்காலத்து மிருதங்கத்தை அறிந்தவர்க்குத் தோலின் குணம் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை. காற்றில் ஈரம் ஏறினால் தோல் தளரும். தளர்ந்த தோலில் குதிரை அமிழும். குதிரை அமிழ்ந்தால் தந்தி தாழும், ஒலி மந்தமாகும். காற்று உலர்ந்தால் தோல் விறைத்துக் குதிரையை மேலே தூக்கும். இத்தொல்லையிலிருந்து விடுபடவே 1950களின் பிற்பகுதியில் செயற்கை இழைமத் தோல் வந்தது. இன்று பெரும்பாலான பாஞ்சோக்கள் அதனையே அணிந்திருக்கின்றன. ஆயினும் கன்றுத்தோலின் மென்மையான நாதத்துக்காக அதன் பிடிவாதத்தைப் பொறுத்துக்கொள்வோர் இன்றும் உளர். எந்தத் தோலாயினும் அதனை இறுக்குவதற்கு ஒரு முறை உண்டு. வளையத்தைச் சுற்றியுள்ள மரைகளை வரிசையாக இறுக்கிச் செல்லாமல், எதிரெதிர் மரைகளாகத் தேர்ந்து, ஒவ்வொன்றையும் சிறிதே திருப்ப வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இறுகினால் தோல் கோணும், கிழியவும் கூடும்.

இளைஞன் கூடத்தைச் சுற்றிப் பார்க்கிறான். கணப்பின் வெப்பத்தில் காற்று உலர்ந்து கிடக்கிறது. தோல் பறைபோல் விறைத்திருக்கிறது. அதன் நடுவே நிற்கும் குதிரையை அளக்கிறான். வழக்கமான குதிரையின் உயரம் ஓர் அங்குலத்தில் எட்டில் ஐந்து பங்கு, அதாவது 16 மில்லிமீட்டரை ஒட்டியது. இதுவோ 17.5 மில்லிமீட்டர். பாட்டனார் ஏன் இவ்வளவு உயரமான குதிரையை வைத்தார்? கருவிப் பெட்டியின் சிறிய அறையைத் திறந்து பார்த்தபோது விடை கிடைக்கிறது. மெழுகும் பழைய தந்திச் சுருள்களும் கிடக்கும் அவ்வறையில், துணியில் சுற்றிய மற்றொரு குதிரை இருக்கிறது. அதன் உயரம் 16 மில்லிமீட்டர்.

பாட்டனார் இரண்டு குதிரைகள் வைத்திருந்தார். ஈரக்காற்று வீசும் கோடையில் தோல் தளர்ந்து தந்தி தாழும்போது உயரமான குதிரை. உலர்ந்த குளிர்காலத்தில் தோல் விறைத்து எழும்போது குட்டையான குதிரை. அவர் கடைசியாக வாசித்தது ஒரு கோடையில். கருவி அந்தக் கோடையின் கோலத்திலேயே பெட்டிக்குள் உறங்கிவிட்டது. பேரன் கையில் விழித்தெழுந்தபோது பருவம் மாறியிருந்தது. அவன் பழுதென்று எண்ணியது ஒரு காலத்தில் மருந்தாக இருந்தது. உப்புத்தாளால் அதனைத் தேய்த்திருந்தால், குளிர்காலம் இன்பமாகக் கழிந்திருக்கும். அடுத்த கோடை மழையில் தந்திகள் மெட்டுகளின்மேல் படுத்திருக்கும். பாட்டனாரின் கை செய்து வைத்த ஒன்றும் என்றைக்குமாக அழிந்திருக்கும்.

குதிரையை மாற்றுவதற்கும் நெறி உண்டு. அது தோலில் ஒட்டப்படுவதில்லை. தந்திகளின் அழுத்தம் ஒன்றே அதனை நிறுத்தி வைக்கிறது. எல்லாத் தந்திகளையும் ஒரே வேளையில் முழுதும் தளர்த்தினால் குதிரை சாய்ந்து, நின்ற இடமும் தெரியாமற் போகும். ஆகவே அதன் கால்கள் இருக்கும் இடத்தைத் தோலில் பென்சிலால் மெல்லக் குறித்துக்கொண்ட பின்னரே தளர்த்துவது நன்று. புதிய குதிரையை நிறுத்தியபின் செவியே அளவுகோல். பன்னிரண்டாம் மெட்டின் நேரே தந்தியை விரலால் தொட்டும் தொடாமலும் மீட்டினால் மணியோசை போன்ற மெல்லொலி எழும். பின் அதே மெட்டில் அழுத்தி மீட்ட வேண்டும். இரண்டும் ஒன்றாக ஒலித்தால் குதிரை தன் இடத்தில் நிற்கிறது. அழுத்திய சுரம் உயர்ந்து ஒலித்தால் குதிரையைத் தண்டியினின்றும் சற்று விலக்க வேண்டும். தாழ்ந்து ஒலித்தால் தண்டியை நோக்கி நகர்த்த வேண்டும். மயிரிழை நகர்வும் இங்கே கணக்கில் சேரும்.

குதிரை 1.5 மில்லிமீட்டர் குறைந்தது. தந்தி அவ்வளவும் இறங்கியதா? இல்லை. பன்னிரண்டாம் மெட்டு தந்தியின் நடுவிடம். ஒரு முனை தலைப்பக்கத்தில் நிலையாக நிற்க, மறுமுனை மட்டும் இறங்கும்போது, நடுவிடம் அதில் பாதியே இறங்கும். வடிவியல் கற்ற பள்ளி மாணவன் இதனை ஒரு முக்கோணம் வரைந்து காட்டிவிடுவான். 1.5இல் பாதி 0.75. முன்பிருந்த 4 மில்லிமீட்டரிலிருந்து அதனைக் கழித்தால் 3.25. அளவுகோலும் அதனையே காட்டுகிறது. இரண்டு சிறு திருத்தங்கள், ஓர் அரிய கண்டுபிடிப்பு, ஒரு மாலைப்பொழுது, இவ்வளவே செலவு. இனி விரல்கள் மெட்டுகளின் மேல் எளிதாக நடக்கின்றன. நாதமும் குன்றவில்லை. தன் விரலுக்கு இசை வராது என்று பத்து நாள் நம்பிய இளைஞன், அன்றிரவு ஒரு பாட்டை முதன்முறையாக முடிவுவரை வாசிக்கிறான்.

கற்பிப்போர்க்கு இதில் கருதத்தக்கது ஒன்று உண்டு. வகுப்பறையிலும் தந்திகள் உயர்ந்தே நிற்கின்றன. எட்டாத உயரத்தில் நிற்கும் பாடத்தை அழுத்தி அழுத்திக் கை நொந்த மாணவன், குறை தன்னுடையது என்றே எண்ணுகிறான். அவனுக்குப் பொறுமையைப் போதிப்பதற்கு முன், தந்தியின் உயரத்தை ஒருமுறை அளந்து பார்ப்பது ஆசிரியரின் கடன். எளிமை கருதி எல்லாவற்றையும் தேய்த்துத் தாழ்த்திவிட்டால், மொழி தன் முழு நாதத்தோடு ஒலிக்க இடமில்லாமல் இரையும் என்பதும் உண்மை. சில பாடமுறைகள் முன்னோர் ஒரு பருவத்தின் தேவைக்காக வைத்த உயரக் குதிரைகள். அவை அன்று சரியானவை. இன்று கடுமையாகத் தோன்றலாம். அவற்றைப் பழிப்பதும் வேண்டா, உடைப்பதும் வேண்டா. அவர்கள் பெட்டிக்குள் வேறு என்ன வைத்துச் சென்றார்கள் என்று தேடிப் பார்த்தாலே பாதி வழி கிடைத்துவிடும்.

தம்புராவின் குதிரைக்கும் தந்திக்கும் இடையே ஒரு பஞ்சு நூலை வைத்து, அதனை இம்மியளவு முன்னும் பின்னும் நகர்த்தி ஓசைக்கு உயிரூட்டுவர். அந்நூலுக்கு உயிரைக் குறிக்கும் ஜீவா என்னும் சொல்லையே பெயராக இட்டவர்கள் இசையின் நுட்பம் உணர்ந்தவர்கள். பாஞ்சோவின் மரைகளைத் திருகும் மலைநாட்டுக் கையும் தேடுவது அதையேதான். குளிர்காலம் கழிந்து கோடை மழை வரும்போது தோல் மீண்டும் தளரும். தந்தி மீண்டும் தாழும். அப்போது இளைஞன் துணியில் சுற்றி வைத்த உயரமான குதிரையைப் பெட்டியிலிருந்து எடுப்பான். ஒருமுறை செய்து முடித்துவிடும் வேலையன்று இது. கருவி உள்ளளவும் பருவந்தோறும் தொடரும் பணி.